ஸா பிடிக்காத காற்று

எங்கள் துணை மின் நிலையத்தில் வெயிலும் காற்றும் கம்பியில் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் பாட்டு டீச்சர். கம்பிக்குள் ஏற்கனவே அணைத் தண்ணீரும் நிலக்கரியும் ஒரே ஸாவை இழுத்துக்கொண்டிருக்கின்றன. புதிதாக ஏறுகிறவர் இம்மி பிசகினாலும் ஊரெல்லாம் ஃபேன் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

வெயிலால் தொந்தரவே இல்லை. காலையில் தலைவாரிக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி உட்காரும், சொன்னதைப் பாடும். மேகம் குறுக்கிட்டால் மட்டும் கொஞ்சம் திக்கும். காற்றுதான் வாலு. அதிலும் ஆவுடையப்பன் பார்த்துக்கொள்ளும் காற்றாலையிலிருந்து ஒன்று வருகிறதே, அப்பப்பா! ஸா என்றால் ரி என்னும். அதட்டினால் என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் கொஞ்சத்தான் தோன்றும், என்ன செய்ய.

ஆடி பிறந்தும் அது தேறவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் சேராவிட்டால் காற்றாலையின் இறக்கைகளைக் கட்டிப்போட உத்தரவு வந்திருப்பதாகப் பொறியாளர் ரெஜினா மேடம் சொன்னார். ஆவுடையப்பன் காலையிலிருந்தே கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், சாப்பிடக்கூடப் போகவில்லை. கட்டிப்போட்டால் அது கடலுக்குப் போய்விடும், அப்புறம் கூப்பிட்டாலும் வராது என்றார்.

மத்தியானம் முழுக்கப் பாடினோம். என்னோடு தனியாக இருக்கையில் சுத்தமாகவே பாடியது. கம்பியைக் காட்டியதும் குரல் நடுங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இதுக்குப் பாட்டு வராம இல்ல, மேடம். கூட்டத்தப் பாத்துப் பயப்படுது” என்றேன்.

“அப்ப நீங்களும் கூடப் போயிட்டு வாங்களேன், டீச்சர்” என்றார் மேடம்.

ஆவுடையப்பன் என் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டார். நான் முந்தானையை இழுத்துச் செருகி, காற்றின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பியில் ஏறினேன். உள்ளே ஒரே நெரிசல். நிலக்கரி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. காதோடு காதாக ஸா எடுத்துக் கொடுத்தேன். முதலில் முனகியது. கயத்தாறு தாண்டுவதற்குள் என் கையை விட்டுவிட்டுத் தானே பாட ஆரம்பித்தது. பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

மதுரையில் ஒரு வீட்டு மிக்ஸியில் இறங்கினோம். தேங்காய்ச் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்தது. சட்னி மசியும் வரை காற்று ஸாவை விடவே இல்லை. முடிந்ததும் அடுத்த வீட்டு ஃபேனுக்கு ஓடிவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, திருட்டுப் பயல்.

வீட்டுக்காரம்மா மூடியைத் திறந்து என்னிடம் கரண்டியை நீட்டினார்.

“உப்பு போதுமா, பாருங்க டீச்சர்.”

கொஞ்சம் போடலாம் என்றேன்.