சிரிக்காமல் கேட்ட கேள்வி

புதன்கிழமை காலை நடக்கும் தாய்மார் கூட்டத்துக்கு ஓர் ஆண் வந்து நிற்பான் என்று அந்த ஊர் நூலகத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. கெல்வினின் ஒரு தோளில் பிறந்து சில வாரமே ஆன மகள் மேபல் தூங்கிக்கொண்டிருந்தாள். மறு தோளில் பூப்போட்ட பை. காற்றாலைப் பம்புகளைப் பழுதுபார்த்துக் கறுத்த கைகள் அவனுக்கு. வெள்ளைப் போர்வையில் விரல் படாமல் பிள்ளையைப் பிடித்திருந்தான்.

"ரோவீனா வரலையா?" என்று அவன் மனைவியைப் பற்றிக் கேட்டாள் செவிலி ஜோலீன். தலைப்பிள்ளை பெற்றவர்களை வாரம் ஒருமுறை கூட்டிவைத்துப் பேசவைப்பது அவள் வேலை.

"எந்திரிக்கவே மாட்டேங்குறா. சொல்லாம நின்னா நல்லா இருக்காதேன்னு நானே தூக்கிட்டு வந்துட்டேன்."

"புள்ள பாலுக்கு அழுதா என்ன பண்ணுவே?" என்று ஒருத்தி சீண்டினாள்.

"எனக்குப் பம்பு ரிப்பேர் பண்ணத்தான் தெரியும், பம்பா மாறத் தெரியாது!"

எல்லோரும் சிரித்தார்கள். கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கும் அந்த ஊரின் வழக்கம் அப்படி. மழை பொய்த்தாலும் கேலி, டிராக்டர் கவிழ்ந்து கால் முறிந்தாலும் கேலி. வலியைக் கிண்டலாகத்தான் சொல்வார்கள், கேட்பவனும் கிண்டலாகவே பதில் தருவான். அழுது வடிவது அங்கே மரியாதை இல்லை.

அந்த உற்சாகத்தில் கெல்வின் வீட்டுக் கதையையும் அவிழ்த்துவிட்டான். "நேத்து ரோவீனா என்ன சொன்னா தெரியுமா? 'வளர்க்கத் தெரிஞ்ச யார்கிட்டயாவது இவளக் குடுத்துடு கெல். நான் இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பீங்க'ங்கிறா. நான் சும்மா விடுவேனா? 'கடையில கேட்டுப் பார்க்கிறேன், பொண்டாட்டிய மாத்தித் தருவாங்களான்னு'ன்னேன்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. வாராவாரம் தன் கையால் சுட்ட கேக்கைக் கொண்டுவரும் கிறிஸ்டா, கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"நானும் இதையே சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு. நான் விளையாட்டுக்குச் சொல்லல, கெல்வின்."

கெல்வினுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் ஓடாத பம்பைக் கண்டால், அக்கம்பக்கத்தில் நன்றாக விசாரித்த பிறகே கை வைக்கிற ஆள் அவன். அந்தக் குணம் இப்போதும் தலைதூக்கியது. "வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா? எப்போ ஆரம்பிச்சுது? என்ன பண்ணுச்சு?"

குறை சொல்லாமல், தெரிந்துகொள்ளவே கேட்டான். அதனாலோ என்னவோ வாய்கள் திறந்தன. குழந்தை தூங்கினாலும் ஒருத்திக்குக் கண் மூடுவதில்லையாம். இன்னொருத்தியின் கணவன் சுரங்க வேலைக்கு விமானம் ஏறிவிட்டால் வாரக்கணக்கில் பேச ஆளில்லை. கிறிஸ்டா கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டவள். கேட்கக் கேட்க அவனுக்கு வியப்பு தாளவில்லை. வாராவாரம் கேக் தின்று சிரித்தவர்கள் இவர்கள்தானா?

"ரோவீனாவுக்கு எப்படி?" என்றாள் ஜோலீன்.

அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். நெடுநேரம் வேதனைப்பட்டு, கடைசியில் அறுவை செய்துதான் பிள்ளை பிறந்தது. அவளுடைய அம்மாவும் அக்காவும் தொலைவில், கடற்கரை நகரத்தில். அறுவடைக் காலம் என்று அவன் விடிந்ததும் கிளம்பினால் இருட்டித்தான் வீடு.

"இதெல்லாம் சேர்ந்தா இந்த மனச்சோர்வு யாருக்கும் வரலாம்ப்பா. ஒரு காரணமும் இல்லாமயும் வரும். புள்ள பெத்தவங்கள்ல ஆறேழு பேருக்கு ஒருத்திக்கு இது இருக்கு."

"அவ்வளவு பேருக்கா?"

"அவ்வளவு பேருக்குந்தான். இது சோம்பேறித்தனம் இல்ல, பாசம் இல்லாததும் இல்ல. நோய். இதுக்கு வைத்தியம் இருக்கு." ஜோலீன் கார் சாவியை எடுத்தாள். "வா, இப்பவே உங்க வீட்டுக்குப் போவோம்."

ரோவீனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜோலீன் குழந்தையோடு சமையலறையில் நின்றுகொள்ள, கெல்வின் கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்தான்.

"புள்ளைய யாருக்காவது குடுத்துட்டியா?" என்றாள். சிரிப்பு உதட்டில் மட்டும் இருந்தது.

சுடச்சுட ஒரு பதில் அவன் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான். "விளையாட்டுக்குச் சொல்றியா ரோ, நிஜமாவா?"

அவள் திரும்பி அவனையே பார்த்தாள். உதட்டுச் சிரிப்பும் போய்விட்டது.

"எப்பவும் நிஜமாத்தான் சொன்னேன். நீதான் சிரிச்சே." அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "செத்துப் போயிடலாம்னு தோணுது, கெல். எனக்கே பயமா இருக்கு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். பிறகு ஜோலீனை உள்ளே கூப்பிட்டான்.

அன்றைக்கே மருத்துவரிடம் போனார்கள். அக்கா விமானத்தில் வந்து இறங்கினாள். பாதி வேலையை வேறு ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு கெல்வின் வீட்டோடு இருந்தான். ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. நல்ல நாளும் கெட்ட நாளுமாகப் போய், மெல்ல மெல்லத்தான் ரோவீனா தேறினாள்.

குளிர்காலத்தில் கால்பந்து மைதானத்து ஓரம் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த நண்பன் டேமோ, கெல்வினைப் பார்த்ததும் கையசைத்தான். அவன் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. "கேட்டியா கூத்த! புள்ளைய ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்திருக்கலாங்கிறா எம் பொண்டாட்டி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெல்வின் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குப் போ, மச்சி. இது நிஜமான்னு சிரிக்காம ஒரு தடவை கேளு. நேரா சொன்னா நம்ம ஊர்ல யாரும் காது குடுக்கிறதில்லன்னுதான் புள்ள பெத்தவங்க விளையாட்டு மாதிரி சொல்றாங்க. அதுக்கும் நாம சிரிச்சுட்டா, அவங்க அப்புறம் யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."