கழுத்தை எப்போது திருப்ப வேண்டும்

1.

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பிழை என்னுடையது அல்ல, கம்ப்யூட்டருடையது. அது மொழிபெயர்த்துத் தள்ளும் தமிழை மனுஷத் தமிழாக்குவது என் வேலை. ஆரியசாலையில் மாடி அறை; கீழே வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம்; நாள் முழுக்கத் தும்மல். ஹேர் டிரையர், மீன் தொட்டி என்று எதைப் பற்றியும் கோப்பு வரும். போன செவ்வாய்க்கிழமை வந்ததன் தலைப்பு இது: "காட்டுப்பூனைத் துப்பாக்கிப் பித்தளையை உருவாக்கும்போது கழுத்தை எப்போது திருப்ப வேண்டும்?"

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோனது. இதே கேள்வியை, பூனையும் பித்தளையும் இல்லாமல், நான்கு வருடமாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஷிஜி கனடாவுக்குப் போன அன்று மழை

(மழை இல்லை. விமான நிலையம் என்று எழுதியதுமே என் கை மழையைக் கூப்பிட்டுவிடுகிறது. நல்ல வெயில்.)

அடுத்து: "துப்பாக்கி சுடும் பெண்ணைக் காதலிப்பவன் எப்போதும்

(வேண்டாம். இதற்குப் பின்னால் ஒரு மட்டமான ஜோக் காத்திருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். ஷிஜி, சாலைக்கடைத்தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அருமைநாயகத்தின் மகள். நர்ஸ். வட்டியூர்க்காவு ரேஞ்சில் ரைஃபிள் சுடப் பழகியவள். நிறையப் பேர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்ப்பார்கள். அவள் இரண்டையும் திறந்தே வைத்திருப்பாள். நான் சுமந்த், கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பிள்ளை. அவள் பெயர் காதில் விழுந்தால் என் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவார். அவள் வீட்டில் என் பெயரே தெரியாது. ஆறு வருடம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே ஓட்டினோம். கனடாவில் வேலை கிடைத்து, போகட்டுமா என்று கேட்டாள். நல்ல ஆஃபர் என்றேன். போகாதே என்பது அதைவிடச் சின்ன வாக்கியம்தான்.

3.

கோப்பில் ஒரு வரிகூடப் புரியவில்லை. அப்போதுதான் ஷிஜியின் பழைய வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் வந்தது. கனடாவில் அவளுடைய முதல் குளிர்காலத்தில் அங்கே ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, சந்தோஷத்தில் அனுப்பியது. ஆறு நிமிடம். அன்று பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரல் எமோஜி ஒன்று அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை முழுக்கக் கேட்டேன்.

"கேட்டியா சுமந்த், வைல்ட்கேட்டுன்னா கடையில கிடைக்காத தோட்டா. வேற தோட்டாவோட பித்தளைக் கூட்டை எடுத்து நாமளே உருமாத்தணும். கழுத்தை ஒடுக்கும்போ பித்தளை எங்க போவும்? தடிக்கும். அதைச் சுத்திக் கடைஞ்சு சமமாக்கணும், அப்பா லேத்துல கடையற மாதிரி. முன்னாடியே கடைஞ்சா, ஒடுக்கும்போ திரும்பத் தடிச்சிரும். சுட்ட பொறவு பாத்துக்கலாம்னா என் துப்பாக்கியில தோட்டா உக்கார்ற அறை நெருக்கம், தடிச்ச கழுத்தோட சுட்டா ஆபத்து. உருவான பொறவு, சுடுறதுக்கு முன்ன. அதுதான் நேரம்."

ஆக, திருப்புவது அல்ல, கடைவது.* பிழை பிடிபட்டுவிட்டது. ஆனால் நான் பாதியில் நிறுத்திய இடத்துக்கு அப்பால் இன்னொரு வரி இருந்தது.

"இதெல்லாம் உனக்கு போரடிக்கும், எனக்குத் தெரியும். பின்ன யார்ட்ட சொல்லுகது?"

அதன் பிறகு அவள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பவே இல்லை.

* கடைவதற்கும் திருப்புவதற்கும் ஆங்கிலத்தில் 'டர்ன்' என்று ஒரே சொல்லாம். எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் மகளுக்குத் தெரிகிறது.

4.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், ஷிஜி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். தங்கை கல்யாணம். புதன்கிழமை ஒரு வரி அனுப்பினாள்: "நீ ஊர்லதானே இருக்க?" இன்று சனி. இன்னும் பதில் போடவில்லை.

காரணம் சின்னப்பிள்ளைத்தனமானது. அவள் போன அன்று நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அவள் குடும்பம் வாசலுக்கு இடப்பக்கம் நின்றது. நான் வலப்பக்கம், டிராலிகள் கோத்து நிறுத்தியிருக்கும் வரிசைக்குப் பின்னால். நான் அங்கே நிற்பது அவளுக்கு மட்டும் தெரியும். இடப்பக்கம் திரும்பிக் கையாட்டினாள். வலப்பக்கம் திரும்பினால் அது எனக்கு. திரும்பியிருந்தால் நாளை போய் நிற்பேன். இல்லையென்றால், கல்யாணத்துக்கு வாழ்த்து என்று ஒரு பூச்செண்டுப் படம் போதும்.

முடிவு அ: அவள் திரும்பினாள். எழுதிப் பார்த்தேன். நானே எனக்குப் பரிமாறிக்கொண்ட பாயசம் மாதிரி இருந்தது.

முடிவு ஆ: அவள் திரும்பவில்லை. இதை அழகாக எழுத வந்தது. அதனாலேயே நம்பவில்லை.

முடிவு இ: அதே சமயம் பார்க்கிங் போலீஸ்காரர் விசில் ஊதவே, நான் திரும்பிப் பார்த்த அந்த நொடியில்

5.

விசில் ஊதவில்லை. பார்க்கிங்கில் போலீஸ்காரர் யாருமே இல்லை.

நடந்தது இதுதான். அவள் குடும்பத்துக்குக் கையாட்டிவிட்டு வாசல் காவலரிடம் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அது திரும்பிக் கைக்கு வந்தது. அவள் இன்னும் உள்ளே போகவில்லை. அந்த நேரம்தான் நேரம். அவள் திரும்பாமல் போய்விட்டால் அதை என்னால் தாங்க முடியாது என்று பயந்தேன். அதனால் நான் முந்திக்கொண்டேன். கழுத்தைத் திருப்பியது நான். மறுபடி பார்த்தபோது கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டிருந்தது.

ஷிஜி, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

(இந்த வரியை மூன்று தடவை அழித்தேன். இருக்கட்டும்.)

6.

கோப்பை மதியமே அனுப்பிவிட்டேன். பதினேழு இடங்களில் 'திருப்ப' என்பதைக் 'கடைய' என்று மாற்றினேன். தலைப்பில் மட்டும் மாற்றவில்லை. சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். எழுத்தாளனின் சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம், எனக்கு உண்மையிலேயே தெரியாது. மறுபடி அந்த நாள், அந்த நொடி: டிராலி வரிசைக்குப் பின்னால் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இவ்வளவு தூரம் வாசித்துவந்த நீங்கள் எனக்கு எதிரே, வாசலைப் பார்த்தபடி நிற்கிறீர்கள்.

கதவு இன்னும் மூடவில்லை. அவள் திரும்பினாளா?