முன் இருக்கைக்காரர்

சுங்கை சிப்புட் ஊரில் இருக்கும் தினேஸ்வரியின் பழைய காரில், முன் இருக்கையில் யாரும் உட்காராமலேயே பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது. கோவிட் முடிந்த மறு ஆண்டு, கோழி விலை ஏறிய மாதத்தில் அது ஆரம்பித்தது.

கணவர் மகேந்திரனின் சிறுநீரகங்கள் பழுதான பிறகுதான் அவள் கார் ஓட்டப் பழகினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவரை ஈப்போவுக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு அவர் பின் இருக்கையில் படுத்து வருவார். லோரிகளைக் கண்டால் அவள் ஓரம் கட்டி நின்றுவிடுவாள். முதல் நாள், “கர்த்தாவே, பக்கத்துல வந்து உக்காந்துக்கோங்க, தனியா ஓட்ட முடியாது” என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். மணி அடித்தது. பக்கத்து இருக்கை ஓர் ஆள் அளவுக்கு அமுங்கியிருந்தது. அவள் எட்டிப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள், மணி நின்றது.

“தண்ணி மேல நடந்தவருக்கு பெல்ட்டு எதுக்குலா?” என்றார் மகேந்திரன். எந்தச் சாமியையும் கும்பிடாதவர் அவர்.

“போலீஸ் சமன் குடுத்தா அபராதம் நான்தானே கட்டணும்.”

கார் பட்டறை ஷரபுதீன் இருக்கையைக் கழற்றி, அடியில் இருந்த வயரையே பிடுங்கிப் பார்த்தார். அப்போதும் அடித்தது. “பெல்ட்ட போட்டு ஓட்டுங்கக்கா, வேற வழி இல்ல” என்று சொல்லி, பாதியில் விட்ட தேநீரை எடுத்துக்கொண்டார்.

ஆண்டுகள் போயின. ரப்பர்க் காடாக இருந்த மேட்டில் வீடுகள் வந்தன. மழை நாட்களில் முன்பக்கக் கண்ணாடி இடது ஓரத்தில் மட்டும் மூச்சுப் பட்டதுபோல் மங்கும். அவள் துணியால் துடைப்பாள். காய்கறிப் பையைக்கூட முன்னால் வைப்பதில்லை. ஈப்போவை நெருங்கிச் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியும்வரை காரில் யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தில் அவளுக்கு லோரிகள் சிறுத்துப்போகும்.

பிறகு ஒரு மழைக் காலையில் மகேந்திரனுக்கு மூச்சு அடைத்தது. அவரைப் பின்னால் கிடத்திவிட்டு அவள் கர்த்தரைக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பினாள். மணி அடிக்கவில்லை. இருக்கை மேடாகவே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மழை மட்டும் கேட்டது. இத்தனை நாள் வந்தவர் இந்த நாளில் வரவில்லையே என்று நினைத்து அழவும் நேரமில்லை; காரை எடுத்தாள்.

பாதி வழியில் மகேந்திரன் முனகினார். “தள்ளி உக்காரச் சொல்லு. கால நீட்ட முடியல.”

அவள் பின்புறம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். பின் இருக்கையின் மறுகோடி அமுங்கியிருந்தது.

“வேணாம், இருக்கட்டும்,” என்றார் சற்றுக் கழித்து. “தலைய மடியில வச்சுக்கிட்டாரு.”

அடுத்த லோரியை அவள் ஓரம் கட்டாமல் கடந்தாள்.

அவசரப் பிரிவில் மகேந்திரனைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பின்னால் ஓடியவளைக் காவலாளி நிறுத்தினார். நோயாளிக்குத் துணையாக ஒருவர்தான் போகலாம், அந்த ஒருவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார் என்றார். தினேஸ்வரி தலையாட்டினாள். காரை ஒழுங்காக நிறுத்திவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மகேந்திரன் பிழைத்தார். இப்போதெல்லாம் முன் இருக்கையில் காய்கறி வருகிறது. அவர் பின்னால் காலை மடக்கி, ஓரமாக உட்கார்ந்து வருகிறார். பெல்ட்டுகளை அவரே மாட்டிவிடுகிறார், முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு.