விசாரணைக்கு வந்த வாக்கியம்

விசாரணைக் குழுத் தலைவர் அந்த வாக்கியத்தைக் கோல்கீப்பர் வாயாலேயே சொல்லச் சொன்னார். ஹாக்கி சங்க அலுவலகத்தின் மூன்றாவது மாடி அறை. எதிர்ப்பக்கம் குருவி உட்கார்ந்திருந்தாள். கால் வேகத்துக்காகக் கிடைத்த பட்டப்பெயர் அது. கோல்கீப்பரோடு ஆறு வருடம் ஒரே அணியில் ஆடி, ஒரே அறையில் தங்கி, போன வருடம்தான் வேறு அணிக்குப் போனவள்.

கோல்கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பேருந்துப் பணிமனை வேலையில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அன்று எழும்பவில்லை.

"மேட்ச்ல இவ அடிச்ச பந்து தொடையில பட்டு விழுந்து கிடந்தேன். 'இவங்க கூட்டத்துக்கு அடி பழகினதுதான், அந்தக் கறுப்புத் தோல்ல காயமே தெரியாது'ன்னு சொன்னா."

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்ததையும் சொன்னாள். எத்தனை பேர் என்று கேட்டார்கள். எண்ணிப் பார்க்கவில்லை என்றாள். பிறகு விதிப்புத்தகத்தைப் பிரித்தார்கள். மனதைப் புண்படுத்தும் பேச்சு வேறு, ஓர் இனத்தின் மேல் பிறருக்கு வெறுப்பு வரும்படி இழிவுபடுத்துவது வேறு என்றார் தலைவர். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்றாள் குருவி, மேசையைப் பார்த்தபடி.

அதற்குமேல் எதுவும் கோல்கீப்பர் காதில் ஏறவில்லை. பந்து பட்ட இடம் அவள் தோலில் சிவந்து காட்டாது. பயிற்சியாளர்கூட நம்பமாட்டார். அந்த ஆறு வருடமும் குருவி மட்டும் ஆட்டம் முடிந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்து, இவள் மூச்சை இழுக்கும் இடத்தில் நிறுத்தி ஐஸ் வைப்பாள். காயம் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? அதையே எடுத்து வீசிவிட்டாள். ஒரு வருடமாக அந்த இன்னொரு கட்டில் காலியாகக் கிடக்கிறது. வேறு ஆளைச் சேர்க்க இவளுக்கு மனசு வரவில்லை. இதெல்லாம் எந்த விதியில் வரும்?

அரை மணி நேரத்தில் முடிவைப் படித்தார்கள். பேச்சு தவறு; இழிவுபடுத்தல் ஆகாது; எச்சரிக்கை போதும். கோல்கீப்பர் மேல்முறையீட்டுத் தாளைக் கேட்டு வாங்கி, நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

தாழ்வாரக் கோடியில் குருவி லிஃப்டுக்குள் நின்றிருந்தாள். கதவு மூடாமல் இருக்க ஒரு காலைக் குறுக்கே வைத்திருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?"

"அப்பீல் போட்டுட்டுத்தான் வர்றேன்."

"போடுங்க. நான் கேட்டது அது இல்ல."

கோல்கீப்பர் மூன்றடி தள்ளி நின்றாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை, உள்ளே ஏறவும் இல்லை. லிஃப்ட் கதவு வந்து அந்தச் சின்னக் காலில் இடித்துப் பின்வாங்கியது. மறுபடி வந்து இடித்தது. குருவி காலை எடுக்கவில்லை.