ஒரு புழுக்கைகூட இல்லாத மலை

மலையைப் பெருக்கச் சொன்ன ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். ரேஞ்சர் தன் ஆபீசில் கண்ணாடி ஜன்னல் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"மேல் சரிவு பளிச்சுன்னு இருக்கணும். வெள்ளிக்கிழமை நம்ம டிபார்ட்மென்ட் டைரக்டர் வர்றார்."

எதிரே நின்றவனுக்குக் கொக்கு என்று பட்டப்பெயர். காலும் கழுத்தும் நீளம். பத்தொன்பது வருடமாக அந்தச் சரிவுக்கு அவன்தான் வாட்சர். அங்கே மேயும் மலையாடுகள் முப்பத்துச் சொச்சம்; அந்த இனத்துக்கு வேறு மலை கிடையாது.

"பாட்டில், பிளாஸ்டிக் எல்லாம் போன மாசமே பொறுக்கியாச்சு சார்."

"அது மட்டுமாய்யா குப்பை? கால் வைக்கிற இடமெல்லாம் புழுக்கை. டைரக்டர் ஷூ என்னத்துக்கு ஆகும்?"

"திங்கக்கிழமை எண்ண வர்றாங்களே சார்."

"ஆட்டை எண்ண வர்றாங்க. புழுக்கையவா எண்ணுவாங்க?"

புழுக்கையைத்தான் எண்ணுவார்கள். மனித வாடை பட்டால் மலையாடு பாறை இடுக்கில் போய் மறைந்துவிடும். நின்று தலையை எண்ண விடாது. அதனால் கயிறு பிடித்துச் சதுரம் போட்டு, உள்ளே எத்தனை குவியல் கிடக்கிறது என்று பார்த்து, ஆட்டுக் கணக்கைப் போடுவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடப்பது. கொக்கு இதை ரேஞ்சருக்கு விளக்கினான். ரேஞ்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். தனக்குத் தெரியாததைப் படிக்காதவன் சொன்னால் படித்தவருக்கு அது சிரிப்புச் செய்திதான்.

எட்டு ஆள், எட்டுத் துடைப்பம், நாலு நாள். புல்லின் தூரில் ஒட்டிக்கிடந்ததைக்கூட விரல் விட்டு நோண்டி எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்தார். கால் மணி நேரம் காற்று வாங்கினார். "எக்ஸலன்ட்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். அந்த ஒரு வார்த்தைக்கு நாலு நாள் முதுகு ஒடிந்தது.

திங்கட்கிழமை ஆய்வுக்கார அம்மா வந்தார். கொக்கு கயிறு சுமந்தான். முதல் நாள் இருபது சதுரம். இருபதிலும் சுழி. நாலு நாள் துடைப்பச் சத்தத்தில் பாறை இடுக்குக்குப் போன ஆடுகள் இன்னும் இறங்கி வரவில்லை. அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார்.

"ஆடு இந்தப் பக்கம் வர்றதே இல்லையா?"

கொக்கு காதில் விழாததுபோல் கயிற்றைச் சுருட்டினான். மறுநாள் இன்னும் இருபது சதுரம் பாக்கி. அதுவும் சுழியானால் சரிவில் ஆடே இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆடு இல்லாத சரிவைப் பூட்டி வைப்பானேன்? ரோப் கார் கம்பெனி மூன்று வருடமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. தூண் நிறுத்தப் பாறைக்கு வெடி வைப்பார்கள். குட்டி போட்ட ஆடு எந்தப் பக்கம் ஓடும்?

சாயங்காலம் ரேஞ்சருக்குச் சேதி எட்டியது. ஆடு இல்லாத மலைக்கு ரேஞ்சரும் தேவையில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொக்கைக் கூப்பிட்டு விட்டார்.

"கீழே ஊர்ல பட்டி பட்டியா ஆடு வச்சிருக்கானுங்கல்ல? பத்து மூட்டை புழுக்கை அள்ளிட்டு வா. விடிஞ்சதும் மேல கொண்டுபோய் தூவிடு."

"சார், ஊர் ஆட்டுக்கெல்லாம் கழிச்சல் நோய். அதைக் கொண்டுபோய் மேல போட்டா மலையாட்டுக்கும் தொத்திக்கும்."

"தொத்தினா தொத்தட்டும்யா. முதல்ல ஆடு இருக்குன்னு எழுதட்டும்."

கொக்கு வீட்டுக்கு வந்து சொன்னான். மனைவி வெங்காயம் உரித்தபடியே கேட்டாள்:

"நீ வாயைத் தொறந்தா நாளைக்கு வேலை போகும். ஆடு வந்து நம்ம வீட்ல உலை வைக்குமா?"

"வைக்காது."

"அப்ப தூவிட்டு வா."

"செத்துப்போகும்டி. ஒண்ணு விடாம."

அவள் கத்தியைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டாள்.

விடிந்ததும் கொக்கு பட்டிக்குப் போகவில்லை. நேராக விருந்தினர் விடுதிக்குப் போனான். ஆய்வுக்கார அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, புழுக்கையை நாங்கதான் பெருக்கி எடுத்துட்டோம்."

"எங்கே இருந்து?"

"மலையில இருந்து."

"மலையைப் பெருக்கினீங்களா? துடைப்பம் வச்சா?"

"எட்டுத் துடைப்பம்மா."

ஊர் ஆட்டுப் புழுக்கையை மேலே தூவச் சொல்லியிருப்பதையும் சொன்னான். குடித்திருக்கிறானோ என்று அந்த அம்மா லேசாக மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். நல்லதாக ஒரு பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். உண்மைதான் அவ்வளவு கேவலமாக இருந்ததே.

அந்த நேரம் பார்த்து ரேஞ்சரே வந்து சேர்ந்தார், வணக்கமும் பல்லுமாக. அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"மேல் சரிவைப் பெருக்கினீங்களாமே, நிஜமா?"

இல்லை என்று ஒரு சொல் போதும், கொக்கு கதை கந்தல். ஆனால் பாராட்டு வாங்கி நாலு நாள்கூட ஆகாத மனிதர். நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"ஆமா மேடம். ஒரு புழுக்கை விடல. டைரக்டரே அசந்துபோயிட்டார்."

அந்த அம்மா டீயைக் கீழே வைத்தார். நோட்டை எடுத்து நேற்று எழுதிய இருபது சுழியையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்ணுவதென்றும், அதுவரை சரிவைப் பூட்டியே வைக்க வேண்டுமென்றும், வெளியிலிருந்து ஒரு பிடி புழுக்கை மேலே போனாலும் ரேஞ்சர்தான் பொறுப்பு என்றும் எழுதி, ரேஞ்சரிடமே கையெழுத்து வாங்கினார்.

மறுநாள் சரிவுக்குப் போகும் வழியில் புதுப் பலகை ஒன்று முளைத்தது: "புழுக்கையைத் தொடாதீர். மிதிக்காதீர்." கொக்குக்குத் தண்டனையாக, காலையிலிருந்து இருட்டும் வரை அதன் பக்கத்திலேயே நிற்கும் வேலை. மாற்று ஆள் கிடையாது.

"யார் மிதிச்சாலும் உடனே எனக்கு ரிப்போர்ட் வரணும். புரியுதா?"

"ஆடு மிதிச்சா சார்?"

ரேஞ்சர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.