தெரியாது என்பதற்கு ஒரு நிறம்

துர்காதேவி சாம்பல் நிறத்தை விட்டுக்கொடுத்தது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் அந்த வேலையில் அவள் வேறு எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

பரளச்சிக்குத் தெற்கே, வானம் பார்த்த கரிசல் ஊர் அவளுடையது. அப்பா இருளாண்டி கூலிக்கு உழுதவர். பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு நூல்மில்லில் வாட்ச்மேன் ஆனார். துர்கா புவியியல் படித்தாள். வானிலைக் கணக்குகளை விவசாயிக்குப் புரிகிற மாதிரி போனில் கொண்டுவர ஒரு சென்னை நிறுவனம் ஆள் தேடியது. திருச்சுழி வட்டாரத்தில் பதினோரு ஊர்களை அவள் கையில் கொடுத்தார்கள்.

முதல் கூட்டத்தில், "ஒரு ஆப்பு கொண்டாந்திருக்கோம்" என்று அவள் ஆரம்பித்ததுமே விவசாயி ராஜபாண்டி, "யாருக்கு வைக்கப் போறீக?" என்றார். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சென்னையிலிருந்து வந்த முதல் வடிவத்தில் திரை முழுக்க வளைகோடுகளும் விழுக்காடுகளும் இருந்தன. மாயக்காள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் துர்காவின் அம்மாவுக்குச் சித்தி மகள். புருஷன் போன பிறகு மூன்று ஏக்கரைத் தனியாக வைத்து விவசாயம் செய்கிறவள்.

"மில்லிமீட்டருன்னா எவ்வளவு தாயி?"

"முப்பது மில்லிமீட்டர்னா நல்ல மழை சின்னம்மா."

"நல்ல மழைன்னா? ஒரு உழவு மழையா, ரெண்டு உழவா? ஈரம் எத்தன வெரலுக்கு எறங்கும்? அதச் சொன்னாத்தான எனக்கு வெளங்கும்."

துர்கா அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள். ஆறு மாதம் சண்டை போட்டு மில்லிமீட்டரை எடுத்துவிட்டு உழவைக் கொண்டுவந்தாள். எழுத்தை எடுத்துவிட்டுக் குரலை வைத்தாள். குரல் அவளுடையது. சென்னையில் பதிவு செய்த வேறொரு பெண்ணின் குரலைக் கேட்டு, "இவுக டவுனு பஸ்ஸுல டிக்கெட்டு கேக்குற மாதிரி பேசுறாக" என்று மாயக்காள் சொன்னதுதான் காரணம். பச்சை வந்தால் 'விதைக்கலாம்' என்றது துர்காவின் குரல். சிவப்பு வந்தால் 'பொறுங்க' என்றது.

சாம்பல் அவள் தானாகச் சேர்த்தது. பரளச்சிப் பக்கத்துக்கு அருகில் இருந்த மழைமானியே இருபது கிலோமீட்டருக்கு அப்பால், அருப்புக்கோட்டையில். இங்கே ஒரு ஊரில் கொட்டுகிற மழை அடுத்த ஊரின் எல்லையைத் தொடாமல் போவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கணக்கு தடுமாறுகிற நாட்களில் திரை சாம்பலாகும். 'இந்த ஊருக்கு உறுதியாச் சொல்ல முடியல. ஈரத்த நீங்களே தோண்டிப் பாத்துக்கங்க' என்று குரல் சொல்லும். பதினோரு ஊர்களில் நாலு ஊர்கள் பாதி நாட்கள் சாம்பலில்தான் கிடந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீடியோ கூட்டத்தில் மேலதிகாரி மாதவன் வந்தார். கோபப்படாத மனிதர், எதையும் மெதுவாகச் சொல்வார்.

"துர்கா, நிதி தர்றவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆப் எதுக்குன்னு."

"சார், அந்த ஊர்களுக்கு நெசமாவே தெரியாது சார்."

"நீங்க எடுத்த சர்வேயிலயே முப்பத்தெட்டு பேர் சாம்பல் பிடிக்கலைன்னு சொல்லியிருக்காங்களே. பயன்படுத்துறவங்களுக்கு எளிமையா இருக்கணும்னு நீங்கதான எப்பவும் சொல்வீங்க. பச்சைக்கு ஐம்பத்தொரு சதவீத வாய்ப்பு இருந்தா பச்சைன்னு காட்டிருவோம். இல்லன்னா சிவப்பு. அவ்வளவுதான்."

சர்வே உண்மைதான். சாம்பலைப் பார்த்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. மாயக்காளே ஒருமுறை, "இதச் சொல்ல நீ எதுக்குடி, எனக்கே தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்று கேலி பேசியிருந்தாள். துர்கா பதில் தேடினாள். பங்குனியில் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வரும் என்பதும் மனதில் ஓடியது. "சரி சார்" என்றாள். மறுவாரம் செயலியிலிருந்து சாம்பல் போய்விட்டது.

புரட்டாசி கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் பதினோரு ஊர்களும் பச்சையாகின. அன்றைக்கு துர்கா மதுரையில் இருந்தாள். ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில் அதிகாரிகளுக்குச் செயலியை விளக்கிக் காட்டும் நிகழ்ச்சி. அவள் பேசுவதற்கு இன்னும் இரண்டு பேர் பாக்கி இருந்தபோது மாயக்காள் கூப்பிட்டாள்.

"ஏ துர்கா, நம்ம பக்கம் நேத்து வெறுந் தூத்தல்தான். காட்டுல தோண்டிப் பாத்தேன், ரெண்டு வெரலுக்கு மேல ஈரம் இல்ல. ஆனா ஒங் கொரலு விதைக்கலாம்ங்குது. டிராக்டருக்காரன் இன்னைக்கு விட்டா அடுத்த வாரந்தான் வருவேங்கான். எது நெசம்?"

மேடையில் அவள் பெயரைச் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மாதவன் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"போன்ல வந்தா சரியாத்தான் இருக்கும் சின்னம்மா. இன்னும் மூணு நாளைக்குள்ள அடுத்த மழ இருக்குன்னு காட்டுது. விதைங்க."

"நீ சொல்றியா?"

"நாந்தான் சொல்றேன்."

மாயக்காள் மூன்று ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டாள். மாயக்காளே விதைத்துவிட்டாள் என்று பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். அந்த ஊரில் மட்டும் நாற்பத்தொரு வீடுகள். முளை வந்தது. மூன்று நாளில் மழை வரவில்லை. பத்து நாளிலும் வரவில்லை. பத்தொன்பது நாள் வெயில் அடித்தது. அதன் பிறகு ஐப்பசி மழை இறங்கியபோது, செயலி இல்லாத பட்டன் போனை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த ராஜபாண்டி விதைத்தார். மற்றவர்களிடம் மறுபடி போட விதை இல்லை.

துர்கா ஊருக்குப் போனபோது மாயக்காள் காட்டில்தான் இருந்தாள். சால் சாலாக, விரல் நீளத்தில், முளைகள் வெளுத்துப்போய்ச் சாய்ந்து கிடந்தன. மாயக்காள் திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் துர்காவுக்கு அழவாவது முடிந்திருக்கும்.

"கணக்கு தப்பாயிருச்சு சின்னம்மா. அருப்புக்கோட்ட மழைய வச்சு..."

"கணக்க நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் மாயக்காள். "அது மிசினு. அது சொன்னதத்தான் நான் நம்பலியே. ஈரத்தத் தோண்டிப் பாத்துட்டு, ஒன்னயக் கூப்புட்டுல்ல கேட்டேன்."

பதிலை எதிர்பார்க்காமல் மாயக்காள் வரப்பில் ஏறிப் போனாள்.

துர்கா நான்கு நாட்கள் வீடு வீடாகப் போனாள். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் கதவைத் திறக்கவில்லை. நாற்பத்தொரு பெயர்கள், விதைத்த தேதி, என்ன பயிர், அன்றைக்கு மண்ணில் எத்தனை விரல் ஈரம் இருந்தது என்று எல்லாவற்றையும் எழுதி, சாம்பலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று முடித்துச் சென்னைக்கு அனுப்பினாள். மாதவன் நன்றி சொல்லிப் பதில் எழுதினார்.

ஒரு மாதம் கழித்து ஆண்டறிக்கை வந்தது. வழவழப்பான தாளில் நாற்பது பக்கம். பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் திரட்டிய தகவல் இருந்தது: 'செயலியின் பரிந்துரையை நம்பிப் பின்பற்றியோர் எண்பத்தேழு விழுக்காடு.' பக்கத்தில், போனைக் கையில் வைத்துச் சிரிக்கும் மாயக்காளின் படம். போன வருடம் துர்காவே எடுத்தது. முளைத்துக் கருகியது பற்றி ஒரு வரி இல்லை.

அவள் மாதவனைக் கூப்பிட்டாள்.

"சார், அப்படிப் பின்பற்றுனவங்களுக்குத்தான் பயிர் போச்சு சார்."

"அதுல பொய் எதுவும் இல்லையே துர்கா. பின்பற்றுனாங்கங்கிறதுதான இந்தக் கட்டத்தோட அளவுகோல். விளைச்சல அடுத்த கட்டத்துல அளப்போம்."

"அப்ப என் குரல எடுத்துருங்க சார்."

அவர், குரல்பதிவு நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருப்பதை வருத்தமான குரலில் ஞாபகப்படுத்தினார். அடுத்த கட்டமாக இன்னும் இரண்டு மாவட்டங்களுக்குப் போகிறது, அவளுடைய குரல்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். அன்று மாலை அவள் வேலையை விட்டாள். அது யாரையும் பாதித்ததாகத் தெரியவில்லை. அவளுடைய இடத்துக்குப் பதினைந்து நாளில் ஆள் வந்துவிட்டது.

கையிலிருந்த காசில் மதுரையில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி வாங்கினாள். மாயக்காளின் காட்டில் நட்டு, அந்த ஊர் மழையை அந்த ஊரிலேயே எழுதி வைக்கலாம் என்று நினைத்தாள். மாயக்காள் கதவருகிலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டாள்.

"எங் காட்டுல ஒண்ணும் நட வேணாம்" என்று மட்டும் சொன்னாள்.

துர்கா இப்போது திருச்சுழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். தை முடிகிற சமயத்தில், ஒரு நாள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மாயக்காளைப் பார்த்தாள். தோளில் ஒரு பை, உடம்பு இளைத்திருந்தாள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மில்லில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறாள் என்று அப்பா சொல்லியிருந்தார்.

"சின்னம்மா" என்று துர்கா கிட்டே போனாள்.

மாயக்காள் முகத்தில் கோபம் இல்லை. தாலுகா ஆபீஸில் தெரியாத அதிகாரியிடம் பேசுகிறவள் போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லாருக்கீகளா?" என்றாள். "அப்பா சொகமா இருக்காகளா?"

திருச்சுழி பஸ் வந்தது. மாயக்காள் முதலில் ஏறி, காலியாக இருந்த சீட்டுகளைத் தாண்டி, ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்த சீட்டில் போய் உட்கார்ந்தாள்.