சூசியைக் கூப்பிடும் சத்தம்

ஏரிக்கரையில் நின்று லின்டன் நாக்கை மேலண்ணத்தில் தட்டினான். டொக், டொக், டொக். பிறகு நீளமாக ஒரு ‘ஊ’. காடு வாயே திறக்கவில்லை. இந்தச் சத்தம் கேட்டால் மரத்திலிருந்து இறங்கி, வேன் கூரையில் உட்கார்ந்து, அவன் கையிலிருந்தே வாழைப்பழம் தின்கிற குரங்கு சூசி. கிரெனடா தீவில் சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கிற நாளெல்லாம் அவளுக்குத் திருவிழா. இன்று அவளைக் காணோம்.

“பல்லு விளக்கப் போயிருப்பா” என்று சமாளித்தான். கப்பலில் வந்து, ஊர் சுற்றிப் பார்க்க அவன் வேனில் ஏறியிருந்த ஹாட்லி தம்பதி சிரித்தார்கள். அவன் நினைப்பு நேற்றைய பானைக்குப் போனது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவன் மனைவியின் தம்பி கர்ட்லி வாசலில் பெரிய பானை ஏற்றியிருந்தான். சீமைப்பலா, தேங்காய்ப்பால், மஞ்சள், அடியில் கறி. என்ன கறி என்றதற்கு, பொறியில் விழுந்த மானிக்கூ என்றான். வேட்டைக் காலத்தில் காட்டில் ஓடுவதெல்லாம் பானைக்கு வரும், யாரும் துருவிக் கேட்பதில்லை. ஆனால் மானிக்கூ என்கிற காட்டுப் பிராணி பூனையளவுதான் இருக்கும். தட்டில் கிடந்த எலும்பு நீளம். ருசி கண்ட நாக்கு அதை நேற்றுக் கண்டுகொள்ளவில்லை.

வேனை அருவிக்கு ஓட்டினான். கர்ட்லிக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. பாறையில் பச்சை ஓணான் ஒன்று வெயில் காய்ந்தது.

“அது என்ன லின்டன்?” என்றாள் ஹாட்லியின் மனைவி.

“சூசி” என்றான் வேறு நினைப்பில்.

“இந்த ஊர்ல எல்லாத்துக்கும் சூசின்னுதான் பேரா?”

தேள் கொட்டிய திருடனாக வண்டியை எடுத்தான். அந்த அம்மா சும்மா வரவில்லை. வழியெல்லாம் டொக் டொக் என்று பழகிக்கொண்டே வந்தாள். முதலில் கோழி கேறுவது போல இருந்தது, மதியத்துக்குள் தேறிவிட்டாள். ஒவ்வொரு ‘டொக்’கும் அவன் பிடரியில் விழுந்தது.

சாலை வளைவில் கர்ட்லி மதில் கட்டிக்கொண்டிருந்தான். லின்டன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினான்.

“டேய், நேத்து என்ன கறிடா?”

“அதான் சொன்னேனே மச்சான்.”

“எலும்பு நீளமா இருந்துச்சு.”

கர்ட்லி கையிலிருந்த சிமெண்டைத் துடைத்தான். “சரி, குரங்குதான். சொன்னா நீ திங்க மாட்டே. ரெண்டாந்தரம் தட்டை நீட்டினது யாராம்?”

“எந்தக் குரங்கு?”

“நெத்தியில பேரு ஒட்டியிருந்துச்சா என்ன? ஏரிக்கு மேல காட்டுல சுட்டேன். அலையவே இல்ல மச்சான். உன்ன மாதிரி டொக் டொக்குன்னு தட்டினேன். தானா இறங்கி வந்து, கைய நீட்டிக்கிட்டு எதுக்க நின்னுச்சு.”

லின்டனின் முகத்தைப் பார்த்ததும் கர்ட்லியின் சிரிப்பு நின்றது. “உன்னோடதா அது? எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி மச்சான், சத்தியமா தெரியாது.”

அவனை அடிக்கத்தான் ஓடி வந்திருந்தான். கை எழவில்லை. கர்ட்லி துப்பாக்கியைத்தான் பிடித்தான், மரத்திலிருந்து இறங்கக் கற்றுக்கொடுத்தது லின்டன் அல்லவா? கறியின் ருசி இன்னும் நினைவிருந்தது, அதுதான் தாங்கவில்லை.

கப்பல் கிளம்ப நேரம் இருக்கிறது, இன்னொரு முறை ஏரிக்குப் போகலாம் என்றார் ஹாட்லி. அவன் வண்டியைத் திருப்பினான். கரையில் லின்டன் கூப்பிடாமல் ஒதுங்கி நின்றான். ஹாட்லி அம்மா கூப்பிட்டாள். டொக், டொக், டொக். ஊ.

இலைகள் அசைந்தன. இளங்குரங்கு ஒன்று கிளை கிளையாக இறங்கி அவள் முன்னால் வந்து கையை நீட்டியது.

“பாத்தீங்களா, என் சத்தத்துக்கும் வருது!”

லின்டன் குனிந்து கல்லை எடுத்து எறிந்தான். தோளில் பட்டது. குரங்கு கிறீச்சிட்டு மரமேறியது.

“ஐயோ! என்ன மனுஷன் நீங்க?” என்று அலறினாள் அவள்.

“போ! யார் கூப்பிட்டாலும் வராதே! நான் கூப்பிட்டாலும் வராதே!”

ஹாட்லி ஓடி வந்து அவன் கையைப் பிடித்தார். உதறிவிட்டு எறிந்தான். கிளைகள் அசைவது நின்ற பிறகும் லின்டன் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.